டிசம்பரில் ஊர் திரும்பும்போது தொற்றும் கூடவே வருவது எப்படி?

டிசம்பர் 16 விடுமுறை நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் கடற்கரை நகரமான டர்பனில் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். அதற்குள் பள்ளிகள் மூடியிருக்கும், கட்டட வேலைகள் நின்றிருக்கும், ஜோகன்னஸ்பர்க்கிலும் பிரிட்டோரியாவிலும் அலுவலகங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருக்கும். என்3 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 570 கிலோமீட்டர் தூரத்துக்குக் கார்கள் கடற்கரையைப் பார்த்து இறங்கும். மூய் ரிவர் சுங்கச்சாவடியில் மணிக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அந்த வரிசை எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் குடியேறிய மகன் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஆயா (பாட்டி) வீட்டுக்கு வருவான். பிரிட்டோரியா பக்கத்து லாடியத்திலிருந்து அக்கா டர்பன் பீனிக்ஸில் தம்பி வீட்டில் இறங்குவாள். கிறிஸ்துமஸ் தென்னாப்பிரிக்கத் தமிழர்களான நம்மில் எல்லோருக்கும் சமயப் பண்டிகை இல்லை. ஆனால் குடும்பம் மொத்தமும் ஒரே கூரையின் கீழ் சேர்வது ஆண்டில் அந்த ஒரு முறைதான் என்பதால் இந்துக் குடும்பங்களும் அதை விடுவதில்லை.

கொரோனா காலத்தில் இந்த ஊர்திரும்பல் பற்றி நிறையப் பேசப்பட்டது. ஒரு பக்கம், "கூட்டம் கூடினால் நோய் பரவும்" என்ற ஒற்றை வரி. இன்னொரு பக்கம், "போன ஈஸ்டருக்குக் கூடினோமே, ஒன்றும் ஆகவில்லையே" என்ற பதில். இரண்டும் அரைகுறை. 2020 டிசம்பர், 2021 ஈஸ்டர், 2021 டிசம்பர் ஆகிய மூன்று விடுமுறைகளிலும் இதே மக்கள் இதே சாலையில் பயணித்தார்கள். ஆனால் விளைவு மூன்று முறையும் வேறுவேறு. விடுமுறை மட்டும் ஒரு அலையைக் கிளப்பிவிடுவதில்லை. மக்கள் கிளம்பும் நாளில் தொற்று எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதே பெரிய கேள்வி. ஏறிக்கொண்டிருக்கும் அலையின் நடுவே கிளம்பினால், பயணம் அதை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும், இளைஞர்களிடமிருந்து முதியவர்களிடம் சேர்க்கும்.

முதலில் 2020 டிசம்பரைப் பார்ப்போம்.

தென்னாப்பிரிக்காவின் முதல் அலை 2020 ஜூலையில் உச்சம் தொட்டு இறங்கியது. செப்டம்பர் 21 முதல் கட்டுப்பாடுகள் மிகவும் தளர்ந்தன. தீபாவளி நவம்பர் 14-ல் வந்தபோது டர்பனில் தொற்று தணிந்துதான் இருந்தது. ஆனால் தெற்கே நெல்சன் மண்டேலா பே பகுதியில் எண்ணிக்கை ஏற ஆரம்பித்துவிட்டது. பின்னால் பீட்டா என்று பெயர் பெற்ற வைரஸ் திரிபு அங்கேதான் முதலில் பெருகியது. டர்பனில் இருந்த கிரிஸ்ப் என்ற மரபணு ஆய்வகத்தில் டுலியோ டி ஒலிவேராவின் குழு அதை அடையாளம் கண்டது. டிசம்பர் 18-ல் சுகாதார அமைச்சர் ஸ்வெலி ம்கீசே நாட்டுக்கு அறிவித்தார். அதற்குள் விடுமுறைக்குக் கிளம்பிய கார்கள் பாதி தூரம் வந்துவிட்டன.

இதற்கு முன்பே இன்னொன்று நடந்தது. பள்ளி இறுதித் தேர்வு முடித்த பிள்ளைகள் நவம்பர் கடைசியில் டர்பனுக்கு வடக்கே பாலிட்டோவில் கூடிக் கொண்டாடினார்கள். 'மேட்ரிக் ரேஜ்' என்று ஆண்டுதோறும் நடக்கும் கொண்டாட்டம் அது. அங்கே போய்வந்த, ஜோகன்னஸ்பர்க்கும் பிரிட்டோரியாவும் உள்ள கௌட்டெங் மாகாணத்துப் பிள்ளைகளில் 1,300 பேருக்கு மேல் தொடர்புகொண்டதாகவும், அவர்களில் 984 பேருக்குத் தொற்று உறுதியானதாகவும் டிசம்பர் 14 உரையில் குடியரசுத் தலைவர் ராமபோசா சொன்னார். அதற்குச் சில நாள் முன்பு, டிசம்பர் 9-ல் இரண்டாம் அலையை அறிவித்தபோது, 15 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களிடம் தொற்று வேகமாக ஏறுவதை ம்கீசே சுட்டிக்காட்டியிருந்தார்.

இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு நோய் கடுமையாக வரவில்லை. பதினெட்டு வயதில் தொண்டை கரகரத்தால் யார் பொருட்படுத்துவார்கள்? ஆனால் அவர்கள் வீடு திரும்பிய அடுத்த வாரமே குடும்பங்கள் பெட்டி கட்டத் தொடங்கின. பேரனிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து ஆயாவுக்கு என்று தொற்று நகர வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நாட்கணக்கை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அந்தக் காலத்து வைரஸ் ஒருவர் உடலில் புகுந்து அறிகுறி காட்ட சராசரியாக 5 நாள் ஆகும், சிலருக்கு 14 நாள்வரை இழுக்கும். அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அவர் மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போய் அவரும் நோயாளியாகத் தோராயமாக 5 நாள் என்று வைத்துக்கொள்வோம். 16-ஆம் தேதி தொற்றோடு ஒருவர் வந்து இறங்குகிறார். 20, 21-ல் அந்த வீட்டில் இன்னும் இருவர். 25-ஆம் தேதி மதியம் பிரியாணி பரிமாறும்போது, தங்களுக்கு ஒன்றுமில்லை என்று மனப்பூர்வமாக நம்பும் மூன்று நான்கு பேர் அந்த மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். அன்று தொற்றியவர்களுக்கு அறிகுறி தெரிவது புத்தாண்டுக்குச் சற்று முன்பு. மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போவது அதற்கு ஒரு வாரம் கழித்து. மரணங்கள் ஜனவரி நடுவில். அப்படித்தான் நடந்தது. டிசம்பர் 27-ல் நாட்டின் மொத்தத் தொற்று 10 லட்சத்தைத் தாண்டியது. ஜனவரி முதல் பாதியில், டர்பன் உள்ள குவாசூலு-நடால் மாகாணத்து ஆஸ்பத்திரிகள் நிரம்பின. ஒரு வாரத்தில் இறந்தோர் எண்ணிக்கையில் முதல் அலையைவிட இந்த அலை மோசம்.

இதையெல்லாம் முன்கூட்டியே கணக்கிட முடியாதா என்று கேட்கலாம். முடியும். ஆனால் டிசம்பர் கடைசி வாரத்தில் பரிசோதனைக்குப் போகிறவர்கள் குறைவு, கிளினிக்குகள் பாதி நாள்தான் திறந்திருக்கும், முடிவுகள் தாமதமாக வரும். அதனால் கிறிஸ்துமஸை ஒட்டி அன்றாட எண்ணிக்கை சரிவதுபோல் ஒரு தோற்றம் வரும். அதை நம்பி "குறைகிறதே" என்று புத்தாண்டுக்கும் கூடுகிறவர்கள் உண்டு. பண்டிகை வாரத்து எண்ணிக்கையை அந்த வாரத்திலேயே நம்பக் கூடாது. இரண்டு வாரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால்தான் அது என்ன சொல்கிறதென்று தெரியும்.

அடுத்து, வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கூட்டம் என்றதும் நம் மனதில் தேரும் காவடியும் வந்துவிடுகின்றன. உண்மையில் டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் மைதானத்தில் திறந்த வெளியில் நடந்துபோகிறவருக்கு உள்ள ஆபத்தைவிட, ஆயா வீட்டு லவுஞ்சில் படுத்துத் தூங்குகிறவருக்கு உள்ள ஆபத்து பல மடங்கு. சாட்ஸ்வொர்த்தின் பழைய நகராட்சி வீடுகளில் அறைகள் சின்னவை. இரண்டு குடும்பம் வந்துவிட்டால் சோபாவை ஓரம் தள்ளி மெத்தைகளை வரிசையாகப் போட வேண்டியதுதான். கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துவார்கள். மின்விசிறி அதே காற்றையே சுற்றிச் சுற்றி வீசும். ஆறேழு மணி நேரம் ஏழெட்டுப் பேர் அதே காற்றை மூச்சிழுக்கிறார்கள். காற்றில் மிதக்கும் நுண்துளிகள் வழியாகப் பரவும் நோய்க்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. பகலில் ஆயா சமையலறையில் நிற்பார். பேத்திகள் மாறி மாறி வந்து பக்கத்தில் நின்று பேசுவார்கள், சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ருசி பார்ப்பார்கள், கட்டிப்பிடிப்பார்கள். சாதாரண மாதத்தில் அந்த ஆயா ஒரு நாளில் நெருங்கிப் பேசுவது இரண்டு பேரிடம் இருக்கலாம். டிசம்பரில் பதினைந்து பேர், அதுவும் ஐந்து வெவ்வேறு ஊர்க்காரர்கள்.

விடுமுறை செய்யும் மாற்றம் இதுதான். நாம் சந்திக்கும் ஆட்களின் எண்ணிக்கை மொத்தத்தில் கூடாமலேகூட இருக்கலாம். வேலைக்குப் போவதில்லை, பள்ளி இல்லை, பலர் சேர்ந்து போகும் மினிபஸ் டாக்ஸி நிலையத்தில் காலை நெரிசல் இல்லை. 2009-ல் எச்1என்1 காய்ச்சல் பரவியபோது இங்கிலாந்தில் ஜூலையில் பள்ளிகள் கோடை விடுமுறைக்கு மூடியதும் தொற்று இறங்கியது, செப்டம்பரில் திறந்ததும் மறுபடி ஏறியது. பிள்ளைகள் வழியாக ஓடும் நோய்க்கு விடுமுறை ஒரு தடுப்பாகவும் அமைந்துவிடுகிறது. கொரோனாவில் அந்தக் கணக்கு உதவவில்லை. யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்பது மாறிப்போனதால்தான் அடி விழுந்தது. வாரநாட்களில் தன் வயதொத்தவர்களோடு இருக்கும் இளைஞன், விடுமுறையில் எழுபது வயதுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அந்த டிசம்பரில் நாட்டில் பொதுமக்கள் யாருக்கும் தடுப்பூசி கிடைத்திருக்கவில்லை. சுகாதாரப் பணியாளர்களுக்கே 2021 பிப்ரவரி 17-ல்தான் தொடங்கியது, 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு உண்மையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொற்றியவர்கள் எல்லோரும் சமமாகப் பரப்புவதில்லை. பத்திலிருந்து இருபது சதவீதம் பேர்தான் அடுத்த தொற்றுகளில் எண்பது சதவீதத்துக்குக் காரணம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டின. அதனால்தான் பத்துக் குடும்பம் கூடி ஒன்பது குடும்பத்துக்கு ஒன்றும் ஆகாமல் போகிறது, பத்தாவது வீட்டில் எல்லோரும் விழுகிறார்கள். ஒன்றும் ஆகாத ஒன்பது வீட்டுக்காரர்களும் "நாங்களும்தான் கூடினோம்" என்று சொல்வது பொய்யில்லை. ஆனால் அதை வைத்து அடுத்த ஆண்டுக்கு முடிவெடுக்க முடியாது.

சாவு வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சமூகத்தில் எந்தப் பண்டிகையையும்விட ஆட்களைத் தூரத்திலிருந்து இழுப்பது அதுதான். கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம், சாவைத் தள்ள முடியாது. தென்னாப்பிரிக்கா முழுவதிலும் இதே நிலைமைதான். 2020 மார்ச், ஏப்ரலில் கிழக்கு கேப் பகுதியில் ஆரம்பத் தொற்றுக்கூட்டங்கள் சில இறுதிச் சடங்குகளோடு தொடர்புடையவை. அதனால்தான் முழு ஊரடங்கிலும் சவ அடக்கத்துக்கு 50 பேர் என்று எல்லை வைத்தார்கள், இரவு முழுக்க விழித்திருக்கும் சடங்குகளை நிறுத்தினார்கள்.

நம் வழக்கத்தில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அடக்கம் அல்லது தகனம் ஒரு நாள், பதினாறாம் நாள் கருமாதி இன்னொரு நாள். இடையில் எட்டாம் துக்கம் வேறு. ஒரு தொற்றுத் தலைமுறைக்கு ஐந்து நாள் என்றால், முதல் நாளுக்கும் பதினாறாம் நாளுக்கும் நடுவே மூன்று தலைமுறை ஓடிவிடும். முதல் நாள் வந்த ஜோகன்னஸ்பர்க் உறவினர் தொற்றோடு திரும்பிப் போகிறார், தன் வீட்டில் இரண்டு பேருக்குக் கொடுக்கிறார். அவர்களில் ஒருவரோடு கருமாதிக்குத் திரும்பி வருகிறார். அங்கே ஏற்கனவே டர்பன் பக்கம் வளர்ந்த இன்னொரு சங்கிலி காத்திருக்கிறது. இரண்டு சங்கிலிகளும் வாழையிலைப் பந்தியில் சந்திக்கின்றன. 2021 ஜனவரியில் ஒரே குடும்பத்தில் ஒரு மாதத்துக்குள் இரண்டு மூன்று சாவு என்று நாம் கேட்டுக் கலங்கியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். முதல் நாள் வெளியூரிலிருந்து வந்தவர்களைக் கருமாதிக்கு வர வேண்டாம் என்று சொல்ல எந்த வீட்டிலும் வாய் வராது. அந்த வார்த்தையை வீட்டுப் பெரியவர் ஒருவரோ பூசாரியோ சொன்னால் மட்டுமே எடுபடும். அப்படிச் சொல்லிய வீடுகள் பாராட்டப்பட வேண்டியவை.

அரசு எடுத்த நடவடிக்கைகளில் சில சரி, சில கேள்விக்குரியவை. டிசம்பர் 28 இரவு மது விற்பனையை முழுக்கத் தடை செய்தது பலருக்குக் கோபத்தைக் கிளப்பியது. ஆனால் அதன் நோக்கம் தெளிவானது: குடித்துவிட்டு விபத்திலும் அடிதடியிலும் சிக்கி வருகிறவர்கள் குறைந்தால் அவசரப் பிரிவுப் படுக்கைகள் மூச்சுத் திணறுகிறவர்களுக்குக் கிடைக்கும். கடற்கரை விஷயம் அப்படியில்லை. குவாசூலு-நடால் கடற்கரைகளை முதலில் டிசம்பர் 16, 25, 26, 31, ஜனவரி 1, 2, 3 ஆகிய நாட்களில் மட்டும் மூடினார்கள். அப்புறம் தொற்று அதிகமுள்ள இடங்களில் முழுக்க மூடினார்கள். மணலில் காற்றோட்டம் இருக்கிறது, ஆபத்து குறைவு. புத்தாண்டு அன்று டர்பன் கடற்கரைக்கு வரும் பெருங்கூட்டம் நிரம்பி வழியும் டாக்ஸிகளில் வருகிறது என்பது உண்மைதான், மூடியதற்கு அந்த ஒரு நியாயம் உண்டு. என்றாலும் வெளியே போக வழியில்லாத குடும்பம் வீட்டுக்குள்தான் கூடும். வெளியில் தூரத் தூர உட்கார இடம் விட்டு, வீட்டுக்குள் கூடுவதைக் குறைக்கச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எல்லைச் சாவடிகளில் நடந்தது இன்னும் வருத்தமானது. ஜிம்பாப்வேக்குப் போய்த் திரும்பும் தொழிலாளர்கள் பைட்பிரிட்ஜில் பரிசோதனைச் சான்றிதழுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். நோயை நிறுத்துவதற்கான சாவடியே நெருங்கிய கூட்டமாக மாறிவிட்டது. கடைசியில் 2021 ஜனவரி 11-ல் 20 தரைவழி எல்லைகளை மூட வேண்டி வந்தது.

சரி, அப்படியானால் 2021 ஈஸ்டர் ஏன் அப்படி ஆகவில்லை? புனித வெள்ளி ஏப்ரல் 2-ல் வந்தது. மாகாணங்களுக்கிடையே பயணத்துக்குத் தடை இல்லை. உள்ளரங்கில் 250, வெளியில் 500 பேர் வரை கூடலாம் என்று அனுமதித்தார்கள். பலரும் பயந்தார்கள், ஆனால் அலை உடனே எழவில்லை. இரண்டாம் அலை அப்போதுதான் இறங்கி முடிந்திருந்தது. சமூகத்தில் ஓடிக்கொண்டிருந்த தொற்று குறைவு, சமீபத்தில் நோய் வந்து எதிர்ப்பு பெற்றவர்கள் நிறைய. காரில் ஏறியவர்களில் தொற்றோடு ஏறியவர்கள் மிகக் குறைவு. மூன்றாம் அலை டெல்டா திரிபோடு, குளிர்காலம் தொடங்கிய பிறகு, கௌட்டெங்கில் பெரிதாக எழுந்தது. அதற்கும் ஈஸ்டர் கூட்டத்துக்கும் நேரடி முடிச்சுப் போட முடியாது.

2021 டிசம்பர் மூன்றாவது வகை. நவம்பர் 24, 25-ல் ஓமிக்ரான் என்ற புதுத் திரிபைப் பற்றி நம் விஞ்ஞானிகள் உலகுக்கு அறிவித்தார்கள். அது மிக வேகமாக ஏறி டிசம்பர் நடுவிலேயே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியது. கௌட்டெங் மக்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் ஏற்கனவே நோய் வந்தோ தடுப்பூசி போட்டோ எதிர்ப்பணுக்கள் இருந்தன. பயணக்காரர்கள் கடற்கரைக்குக் கிளம்பியபோது அவர்கள் ஊரில் அலை தணியும் கட்டம். டிசம்பர் 30-ல் இரவு ஊரடங்கையே எடுத்துவிட்டார்கள்.

அதே ஓமிக்ரான் நேரத்தில்தான் உலக நாடுகள் நம் விமானங்களுக்குக் கதவை அடைத்தன. நவம்பர் 26-ல் இங்கிருந்து ஆம்ஸ்டர்டாமில் போய் இறங்கிய இரண்டு விமானங்களில் 624 பயணிகளைச் சோதித்தபோது 61 பேருக்குத் தொற்று இருந்தது. ஆனால் நவம்பர் 19, 23 தேதிகளில் நெதர்லாந்துக்குள்ளேயே எடுத்த மாதிரிகளில் ஓமிக்ரான் இருந்ததாக அந்நாட்டுப் பொதுச் சுகாதார நிறுவனமே பிறகு சொன்னது. புதுத் திரிபைக் கண்டுபிடித்து அறிவிப்பதற்குள் அது விமானம் ஏறிப் போயாகிவிட்டது. பயணத் தடை சில நாள் அவகாசம் வாங்கித் தரலாம், கூடினால் சில வாரம். அந்த அவகாசத்தில் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் தடையால் பயனில்லை. உண்மையை முதலில் சொன்ன நாட்டுக்குத் தண்டனை என்ற பாடம் மட்டும் மிஞ்சும். அது அடுத்த முறை எல்லோருக்கும் கெடுதல்.

நூறாண்டுக்கு முன்பும் இந்த நாடு ஊர்திரும்பலால் இப்படி அடிபட்டது. 1918 செப்டம்பரில் யாரொஸ்லாவ், வெரோனெஜ் என்ற இரு கப்பல்கள், போர் வேலைக்கு ஐரோப்பா போயிருந்த ஆட்களைச் சியரா லியோனின் ஃப்ரீடவுன் வழியாகக் கேப் டவுனில் கொண்டுவந்து இறக்கின. சில நாள் முகாமில் வைத்துப் பார்த்துவிட்டு, ரயிலேற்றி அவரவர் ஊருக்கு அனுப்பினார்கள். இன்ஃப்ளூயன்சா ரயில் பாதையோடு உள்நாட்டுக்குள் போனது. ஆறு வாரத்துக்குள் சுமார் 3 லட்சம் பேர் இறந்தார்கள், மக்கள்தொகையில் ஏறக்குறைய 6 சதவீதம். டர்பன் வழியாக முன்பே ஒரு லேசான வகை வந்து நடாலில் பலருக்கு ஓரளவு பாதுகாப்பு கொடுத்திருந்தது என்பது இதை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஹோவர்ட் ஃபிலிப்ஸின் கருத்து. அன்றும் எந்த நாளில், எந்த நிலையில் ஊர் திரும்பினார்கள் என்பது ஊருக்கு ஊர் சாவு எண்ணிக்கையை மாற்றியது.

கோயில்களுக்கு வருவோம். மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழா நடக்கும் புனித வெள்ளியும் பங்குனி உத்திரமும் 2020-ல் முழு ஊரடங்கில் போயின. 2021 தைப்பூசம் ஜனவரி 28-ல் வந்தது. வழிபாட்டுக் கூட்டங்களுக்குத் தடை இருந்த காலம் அது. தடை தளர்ந்தது பிப்ரவரி 1-ல், அதாவது நான்கே நாள் தள்ளி. தலைமுறை தலைமுறையாகக் காவடி எடுத்த குடும்பங்களுக்கு அது பெரிய வேதனை. அடுத்த தொற்று எப்போது வரும் என்று தெரியாது, ஆனால் வந்தால் கோயில் கமிட்டிகள் முழுத் தடைக்கும் முழுக் கூட்டத்துக்கும் நடுவே ஒரு வழி வைத்திருக்க வேண்டும்.

அந்த வழிக்குத் தேவையானது ஓரளவு நம் கையிலேயே இருக்கிறது. காவடி எடுப்பவர்கள் கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம் இருக்கிறார்கள். காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை வெளியூரில் தங்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு மாரியம்மன் கோயில்களில் இன்றும் உள்ள கட்டுப்பாடு. நோயை நினைத்து இதை ஏற்படுத்தினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு தொற்று வெளிப்பட ஐந்து நாள் வேண்டும் என்றால், பத்து நாள் ஊரைவிட்டு நகராமல், விருந்துக்குப் போகாமல் இருக்கிறவர் திருவிழா நாளில் மற்றவர்களைவிடப் பாதுகாப்பானவர். வெளியூர் பக்தர்கள் கொடியேற்றத்துக்கு முன்பே வந்துவிட வேண்டும், முடியாதவர்கள் அந்த ஆண்டு தங்கள் ஊர்க் கோயிலிலேயே நேர்த்திக்கடனைச் செலுத்தலாம் என்று கமிட்டி முன்கூட்டியே அறிவிக்கலாம். விரதக்காரர்கள் கோயில் கூடத்தில் மொத்தமாகப் படுக்காமல் அவரவர் வீட்டில் தங்கலாம். ஊர்வலம் வெளியில் நடக்கிறது, அதை வைத்துக்கொள்ளலாம். அன்னதானத்தைப் பந்தியில் போடாமல் பொட்டலமாகக் கட்டி வாசலில் கொடுக்கலாம். வீட்டில் இருக்கும் ஆயாவுக்கு ஒரு பொட்டலம் சேர்த்துக் கொடுத்தனுப்ப எந்தக் கமிட்டியும் மறுக்காது.